முறையிடுவதும் ஜெபமே: வாசகர் கேள்வி பதில்

துன்பத்தின் நடுவில் விசுவாசம் எப்படி நிலைக்கிறது, அது வளரவும் கூடுமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கே இம்மாதப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவர் சிறுநீரகம் பழுதாகி, நீண்ட காலம் டயாலிசிஸ் சிகிச்சையில் இருந்து, சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்தக் காலமெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசித்து ஜெபித்தேன். சபையில் சிலர், "விசுவாசம் குறைவுபட்டதால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்று என் காதுபடவே சொன்னார்கள். இப்போது முழங்காலில் நின்றால் வார்த்தை வருவதில்லை. வந்தாலும் கோபமாகத்தான் வருகிறது. நான் விசுவாசத்தைவிட்டு விலகிவிட்டேனா? (ஒரு வாசகி, நாசரேத்)

பதில்: இல்லை, சகோதரி. விலகிப்போனவருக்கு முழங்காலில் நிற்கவேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. வார்த்தை வராது என்று தெரிந்தும் நீங்கள் நிற்கிறீர்கள். கோபம் வரும்போது அதையும் கர்த்தரிடத்திலேயே கொண்டுபோகிறீர்கள். வேதாகமம் இதை ஜெபம் என்றே கணக்கிடுகிறது.

முதலில் உங்களைக் காயப்படுத்திய அந்தப் பேச்சைப் பார்ப்போம். விசுவாசம் இருந்தால் சுகம் நிச்சயம் என்பது உண்மையானால், பவுலைப்பற்றி என்ன சொல்வது? தம் மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள் நீங்கும்படி அவர் மூன்றுதரம் கர்த்தரிடத்தில் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற பதில்தான் கிடைத்தது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறு நீங்கிவிட்டதாக எங்கும் எழுதப்படவில்லை. கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளும்படி மருந்துபோலத்தான் அவருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுல் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறார். துரோப்பீமுவின் விசுவாசத்தைக் குறைகூறி அவர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அப்போஸ்தலர் சொல்லத் துணியாததை உங்கள் முன்னால் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

உங்களிடம் அப்படிப் பேசியவர்களின் மூதாதையர் யோபு புத்தகத்தில் இருக்கிறார்கள். யோபுவின் நண்பர்கள் மூவரும் வந்தவுடன் செய்த காரியம் மிக நல்லது: ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாயைத் திறந்தார்கள். உன் பாடுகளுக்கு உன்னிடத்தில்தான் காரணம் இருக்கவேண்டும் என்று அதிகாரம் அதிகாரமாக வாதாடினார்கள். தேவனுடைய நீதியைத் தாங்களே நின்று காப்பாற்றுவதாக அவர்கள் நினைத்திருக்கவேண்டும். யோபுவோ தான் பிறந்த நாளைச் சபித்தார். தேவன் தன்னை ஏன் குறிவைக்கிறார் என்று கேட்டார். அவரோடு நேருக்குநேர் வழக்காடவேண்டும் என்றார். நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் தீர்ப்பு வருகிறது. கர்த்தர் அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாசை நோக்கி, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். நண்பர்கள் தேவனைப்பற்றி நிறையப் பேசினார்கள். தேவனை நோக்கி ஒரு வார்த்தையும் பேசவில்லை. யோபு புலம்பலாகவும் குற்றச்சாட்டாகவும் அவரையே நோக்கிப் பேசிக்கொண்டிருந்தார். என் வாசிப்பில், அந்தத் தீர்ப்பு யோபுவின் பக்கம் சாய்ந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னொன்றையும் அங்கே கவனியுங்கள். தன் துன்பத்துக்கான காரணம் கடைசிவரை யோபுவுக்குச் சொல்லப்படவில்லை. ஆயினும் அவர், "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்கிறார். ஆவிக்குரிய வளர்ச்சி என்று நாம் சொல்வது அநேகமாக இப்படித்தான் நிகழ்கிறது. கேட்ட கேள்விக்கு விடை கிடைக்காமலே, கேட்கப்பட்டவரோடுள்ள உறவு ஆழமாகிறது. இழந்ததற்கு இது ஈடாகிவிட்டதா என்று என்னைக் கேட்டால், ஆகிவிட்டது என்று சொல்ல நான் துணியமாட்டேன். பிற்பாடு வேறு பிள்ளைகள் பிறந்தார்கள் என்பதால் இறந்துபோன பத்துப் பிள்ளைகளும் யோபுவுக்கு மறந்துபோயிருக்கமாட்டார்கள்.

இனி உங்கள் ஜெபத்தைப்பற்றி. சொந்த வார்த்தை வராதவர்களுக்காகத்தான் சங்கீதங்கள் இருக்கின்றன. நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகளே. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கும் பதின்மூன்றாம் சங்கீதம் ஆறே வசனங்கள்தான், அதை ஒரு வாரம் நாள்தோறும் வாய்விட்டு வாசியுங்கள். பிறகு எண்பத்தெட்டாம் சங்கீதத்துக்கு வாருங்கள். மற்ற முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் ஸ்தோத்திரத்தில் முடியும். இது இருளில் தொடங்கி, சிநேகிதரும் அறிமுகமானவர்களும் மறைந்துபோனார்கள் என்று இருளிலேயே முடிகிறது. ஆறுதலான கடைசி வரி ஒன்றை அதற்கு ஒட்டவைக்க வேதாகமம் முயலவில்லை. ஆனாலும் அதன் முதல் வரி, "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைக்கிறது. அந்த விளிப்பு மட்டும்தான் இப்போது உங்களால் முடியும் என்றால், அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள்.

நம் சபைகளில் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி நேர ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் தியானிக்கிறோம். நான்காவது வார்த்தைக்கு வரும்போது பிரசங்கியார்கள் சிலர், இயேசு உண்மையில் கைவிடப்படவில்லை என்று விளக்கிவிட்டு வேகமாக ஐந்தாவதற்குப் போய்விடுவதைக் கண்டிருக்கிறேன். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற அந்தக் கதறலை ஆண்டவர் இருபத்திரண்டாம் சங்கீதத்திலிருந்து எடுத்தார். தமக்கென்று புதிய வார்த்தை தேடாமல், உபத்திரவப்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக ஜெபித்த வார்த்தையைத் தம் வாயில் எடுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் கணவர் இல்லாத அறையில் நீங்கள் கேட்கும் "ஏன்" அந்த ஜெபத்தோடு சேர்ந்ததுதான். அதைக் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: இருபது வயதில் மனந்திரும்பியபோது ஜெபத்தில் மிகுந்த சந்தோஷம் இருந்தது, கண்ணீர் தானாக வரும். இப்போது பெரிய துன்பம் எதுவும் இல்லை, பாவத்தில் வாழ்வதாகவும் தெரியவில்லை. ஆனால் தேவ சமூகத்தை உணர்வதே இல்லை. ஆராதனையில் மற்றவர்கள் கைதட்டிப் பாடும்போது நான் மரம்போல நிற்கிறேன். (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் நிலையில் நின்றவர்களில், உலகமே அறிந்த ஒருவரைச் சொல்கிறேன். அன்னை தெரேசா 1997-இல் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு அவர் அந்தரங்கமாக எழுதிய கடிதங்கள் வெளியாயின. கொல்கத்தாவின் சேரிகளில் தம் பணியைத் தொடங்கிய சில காலத்துக்குள்ளேயே, தேவனுடைய பிரசன்னத்தை உணரும் அனுபவம் அவரைவிட்டுப் போய்விட்டது. இடையில் சிறிது காலம் தவிர, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அது திரும்பவில்லை. உள்ளே வெறுமையும் இருளும் இருப்பதாகவும், ஜெபித்தால் பதிலில்லாத மௌனமே இருப்பதாகவும் அவர் எழுதினார். 1979-இல் நோபல் பரிசு பெற்று உலகின் முன் நின்றபோதும் அவருடைய உள்நிலை அதுவே. நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து ஜெபிப்பதையும், சாகக்கிடப்பவர்களைத் தூக்கி எடுப்பதையும் அவர் நிறுத்தவில்லை. இந்த இருளைத் தண்டனையாக எண்ணாமல், சிலுவையில் கைவிடப்பட்டவரோடும் யாராலும் விரும்பப்படாத ஏழைகளோடும் தமக்குள்ள பங்காகக் காண்பதற்கு ஜோசப் நாய்னர் என்ற சேசு சபைக் குரு 1960-களின் தொடக்கத்தில் அவருக்கு உதவினார். அதன்பின் இருள் அகலவில்லை. ஆனால் அதை நேசிக்கத் தொடங்கியிருப்பதாக அவர் எழுதினார்.

இதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவை யோவான், 1577 டிசம்பர் முதல் 1578 ஆகஸ்டுவரை தொலேதோ நகரில் ஓர் இருட்டறையில் அடைக்கப்பட்டிருந்தார். அடைத்தவர்கள் விரோதிகள் அல்லர். துறவற சீர்திருத்தத்தை விரும்பாத அவருடைய சொந்தச் சபைத் துறவிகளே. ஆன்மாவின் இருண்ட இரவைப்பற்றிப் பிற்காலத்தில் அவர் எழுதியபோது, ஜெபத்தில் கிடைக்கும் இனிய உணர்வுகளைத் தேவன் சில வேளைகளில் எடுத்துவிடுகிறார் என்றும், கொடைகளை நேசிக்கும் நிலையிலிருந்து கொடுத்தவரை நேசிக்கும் நிலைக்கு ஆன்மாவை நடத்துவதற்காகவே அப்படிச் செய்கிறார் என்றும் விளக்கினார். ஆனால் அவர் கவனமானவர். வறட்சி எல்லாமே இருண்ட இரவு என்று அவர் சொல்லவில்லை. அசதியாலும் உடல்நலக் குறைவாலும் மனச்சோர்வாலும்கூட வறட்சி வரலாம் என்று பிரித்துக்காட்டினார். உங்களுக்குத் தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, முன்பு பிடித்த மற்றக் காரியங்களிலும் விருப்பம் போய்விட்டதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் விருப்பம் போயிருந்தால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். ஜெபத்தில் மட்டும்தான் உணர்வில்லை, ஆனால் தேவனைவிட்டுப் போகவும் மனமில்லை என்றால், பாடாமல் நிற்பதற்காக வெட்கப்படாதீர்கள். தாய் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேளையிலும் குழந்தை தாயோடுதான் இருக்கிறது.

கேள்வி: வேலை போய் எட்டு மாதங்களாகின்றன. வீட்டுக் கடன், நகைக் கடன், கைபேசிச் செயலியில் வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்துகொண்டன. "தாங்க முடியாததைக் கர்த்தர் கொடுக்கமாட்டார்" என்று என் போதகர் சொல்கிறார். எனக்குத் தாங்க முடியவில்லையே! சில இரவுகளில் உயிரோடிருக்கவே விருப்பமில்லை. (ஒரு வாசகர், சென்னை)

பதில்: தம்பி, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். இதைப் படித்தவுடன் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். இது அரசின் மனநல உதவி எண். எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். இன்றிரவே உங்கள் மனைவியிடமோ அண்ணனிடமோ, கடன் கணக்கையும் இந்த எண்ணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

போதகர் சொன்ன வசனம் 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தில் வருகிறது. அங்கே பவுல் விக்கிரகாராதனை, வேசித்தனம், முறுமுறுப்பு ஆகியவற்றுக்கு இழுக்கப்படுவதைப்பற்றிப் பேசுகிறார். பாவத்துக்கு இழுக்கும் சோதனையிலிருந்து தப்பிக்கொள்ளும்படியான போக்கை தேவன் உண்டாக்குவார் என்பதே அந்த வாக்குத்தத்தம். துன்பத்தின் பாரத்தைப்பற்றி அதே பவுல் அதே சபைக்கு எழுதிய அடுத்த நிருபத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆசியாவில் தங்களுக்கு நேரிட்ட உபத்திரவம் "எங்கள் பலத்திற்கு மிஞ்சின" பாரமாயிருந்தது என்றும், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்றும் அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். ஆகவே தாங்க முடியவில்லை என்று நீங்கள் சொல்வது அப்போஸ்தலரின் அனுபவத்தோடு ஒத்திருக்கிறது. தங்கள்மேல் நம்பிக்கை வைக்காமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கை வைக்கும்படி அது நடந்தது என்று அவர் தொடர்கிறார்; அதோடு, நீங்களும் ஜெபத்தினால் எங்களுக்கு உதவுங்கள் என்று கொரிந்து சபையாரிடம் சேர்த்துக் கேட்கிறார். பவுலுக்கே மற்றவர்களின் கை தேவைப்பட்டது.

எலியாவும் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டவர்தான். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் பேசிய மெல்லிய சத்தம் அதற்குப் பின்னால்தான் வந்தது. அதன் பின்னும் அவர் தனியாக அனுப்பப்படவில்லை. உடன் நடக்க எலிசா கிடைத்தார். உங்கள் போதகரிடம் இந்தப் பத்தியைக் காட்டி, சபையில் கடன் பிரச்சினையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு வங்கி ஊழியரையோ வழக்கறிஞரையோ உங்களோடு உட்காரவைக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். இது உனக்குக் கொடுக்கப்பட்ட சிலுவை, சுமந்தால் விசுவாசம் வளரும் என்று சபைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். (ஒரு வாசகி, ஊர் பெயர் வேண்டாம்)

பதில்: அது சிலுவை அன்று, குற்றம். இயேசுவை ஒரு சேவகன் அறைந்தபோது அவர், "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். பவுலை வாரினால் அடிக்கக் கட்டியபோது, ரோமனை விசாரணையின்றி அடிப்பது நியாயமா என்று சட்டத்தைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொண்டார். உங்களைக் காக்கவும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். துன்பத்தின் நடுவிலும் தேவன் நம்மை வளர்க்க வல்லவர் என்ற நம்பிக்கையை, துன்பப்படுத்துகிறவனுக்கு உரிமைச் சீட்டாக மாற்றும் எந்தப் போதனையையும் நான் முழுமனதோடு மறுக்கிறேன்.

கேள்வி: முப்பது ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தேன். பக்கவாதம் வந்தபின் படுக்கையும் ஜன்னலும்தான். ஊழியம் முடிந்துவிட்டது, இனி எதற்காக வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: ஐயா, உங்கள் மாவட்டத்து டோனாவூரைத் தாங்கள் அறிவீர்கள். 1867-இல் அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல், 1901 முதல் அங்கே கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த பெண்குழந்தைகளைக் காத்து வளர்த்தார். ஓடியாடி நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு அம்மாவாக இருந்த அவர், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று எல்லோரும் எண்ணினார்கள். 1951 ஜனவரி 18-இல் மறையும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அவருடைய உலகம் பெரும்பாலும் ஓர் அறைதான். சுகத்துக்காக ஜெபித்தவர்கள் குறைவில்லை. வலி போகவில்லை, தூக்கமும் சரியாக வரவில்லை.

அந்த அறையிலிருந்துதான் அவர் பல நூல்களை எழுதினார். நலமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதும் ஆறுதல் நூல்கள் தம்மைத் தொடவில்லை என்பதை உணர்ந்து, படுக்கையிலிருப்பவர்களுக்குப் படுக்கையிலிருந்தே கடிதங்கள் எழுதினார். அவை 1933-இல் நூலாயின. விழுவதற்கு முன்பிருந்த ஏமி அம்மையாரால் அந்தக் கடிதங்களை எழுதியிருக்க முடியாது என்றே நான் எண்ணுகிறேன். அதற்காக, அந்த விபத்து நல்லதற்கே என்று சொல்லிவிட மாட்டேன்.

எல்லோரும் நூல் எழுதவேண்டும் என்று தங்களிடம் சொல்ல வரவில்லை. பிறரைத் தாங்கியே பழகியவர், தம்மைப் பிறர் தாங்க ஒப்புக்கொடுப்பதுவும் சீஷத்துவத்தின் ஒரு பாடம். அநேகமாக மிகக் கடினமான பாடம். "நீ முதிர்வயதுள்ளவனாகும்போது உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான்" என்று ஆண்டவர் பேதுருவிடம் சொல்லிவிட்டு, "என்னைப் பின்பற்றி வா" என்றும் சொன்னார். தங்களிடம் படித்த பிள்ளைகளின் பெயர்கள் இன்னும் நினைவிலிருந்தால், காலையில் நான்கு பேர், மாலையில் நான்கு பேர் என்று பெயர்சொல்லி ஜெபியுங்கள். அவர்களில் ஒருவரை அழைத்து, பேரன் பேத்தி யாரையாவது வாரம் ஒருமுறை அனுப்பி வேதாகமம் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். தங்களுக்குக் கேட்கக் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார்.

கேள்வி: என் தோழியின் ஆறு வயது மகன் காய்ச்சலில் இறந்துவிட்டான். பார்க்கப் போகவேண்டும், என்ன வசனம் சொல்வது? (ஒரு வாசகி, தூத்துக்குடி)

பதில்: வசனம் எதுவும் வேண்டாம். "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்பதைத் துக்க வீட்டில் தாயின் முகத்துக்கு எதிரே சொல்லவே வேண்டாம். அது சத்தியமானாலும், அதைச் சொல்லும் நாளைத் தெரிந்தெடுக்கும் உரிமை அவருக்கே உண்டு. "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்பது நமக்கு இடப்பட்டிருக்கும் கட்டளை. சாப்பாடு கொண்டுபோங்கள், பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். அவர் தேவன்மேல் கோபப்பட்டுப் பேசினால் அதிர்ச்சியடையாமல், திருத்தாமல், கேட்டுக்கொண்டிருங்கள். பையனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். மற்றவர்கள் அந்தப் பெயரைத் தவிர்க்கத் தொடங்கியிருப்பார்கள். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்தபின் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள், நீங்கள் போங்கள். அவனுடைய பிறந்தநாள் எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கும் போங்கள்.